பொன்னாடைக்குப் பதில் ஓர் உண்டியல்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பணிநிறைவு விழா எங்கே நடந்தாலும் நான் உண்டியலோடு வந்துவிடுகிறேன் என்று நம் வட்டாரத்தில் ஒரு கேலி உண்டு. உண்மைதான். பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தை இதில் போடுங்கள் என்கிறேன். தசைச்சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்காக என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் இந்த நோய் என்று பலர் கேட்டுவிட்டீர்கள்.

என் அக்கா மகனுக்கு டூஷேன் தசைச்சிதைவு. தசை நார்களைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடலில் உருவாகாததால் வருவது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். முதலில் இடுப்பும் தொடையும், பிறகு கைகள், கடைசியில் மூச்சுத் தசைகளும் இதயமும்.

ஐந்து வயதில் அவன் தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுவான். கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கும். பார்த்தவர்கள் பயில்வான் கால் என்றார்கள். படியேறப் பின்தங்கினால் சோம்பேறி என்றார்கள். நோயின் பெயர் தெரியவே மூன்று ஆண்டுகள் ஆயின. பதினொரு வயதில் சக்கர நாற்காலி.

இதற்கிடையே புகுந்த வீட்டில் அக்காவை, "உன் வழியில் வந்ததுதானே" என்று பேசினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு இந்த மரபணு மாற்றம் தாயிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது. பரிசோதித்தால்தான் தெரியும். தாயிடம் அது இருந்தால் மகள்களும் அறிந்திருக்க வேண்டும். உண்டியலின் முதல் பணம் முகம் தெரியாத ஒரு தாயின் மரபணுப் பரிசோதனைக்குத்தான் போனது.

இன்னொரு காரணம், அவனுடைய இரவுகள். பதினாறு வயதில் தூக்கத்தில் மூச்சு குறையத் தொடங்கியது. காலையில் தலைவலியோடு எழுவான். முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் கருவி வந்தபின் தலைவலி நின்றது. சொல்வதை எழுதுபவர் துணையோடு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வையும் எழுதினான். அக்காவின் வளையல்கள்தான் அந்தக் கருவியாயின. அடகு வைக்க வளையல் இல்லாத வீடுகளும் இருக்கின்றனவே!

இருபத்தொரு வயதில் அவன் போய்விட்டான். கருவியை அக்கா பூட்டி வைக்கவில்லை. இன்று வேறொரு பையன் அதை மாட்டிக்கொண்டு தூங்குகிறான்.

நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரைகள் நடக்கும் காலத்தைச் சற்று நீட்டிக்கும். மரபணு சிகிச்சையின் விலை கோடிகளில். நம் உண்டியல் அதை எட்டாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு இடம்பெற்றிருக்கிறது, அரசின் மாத உதவித்தொகையும் உண்டு. அதற்கு மேலும் தேவைப்படும் கருவிக்கும் பரிசோதனைக்கும் பயணச் செலவுக்கும்தான் வசூலிக்கிறேன்.

ஒன்று மட்டும் பணமில்லாமல் கேட்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் தரையிலிருந்து எழும்போது பாருங்கள். கையைத் தொடையில் ஊன்றி எழுபவன், நுனிக்காலில் நடப்பவன், அடிக்கடி விழுபவன் இருந்தால் பெற்றோரிடமும் நம் சிறப்புப் பயிற்றுநரிடமும் சொல்லுங்கள். முதல் ஐயத்துக்கு சி.பி.கே. என்னும் இரத்தப் பரிசோதனை போதும். அதற்குப் பணம் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள்.