சிறுவரும் பொருளொழுங்கும்



பிள்ளைகள் தம் பொருள்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளப் பழக்குவது குறித்துச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எனக்குப் பணித்தனர். இஃது அற்பமான செய்தியன்றோ எனச் சிலர் கருதலாம். ஓரறையிலேயே அடுக்களையும் படுக்கையும் படிப்பும் நடைபெறும் தாராவிக் குடும்பங்களுக்கு இஃது அற்பமன்று. காலை வேளையில் ஒரு பென்சில் காணாமற் போனால் வீடே கலங்குகிறது. தந்தை வண்டியைத் தவறவிடுகிறார். குழந்தை அழுதுகொண்டே பள்ளிக்குப் போகிறது.

உடனே குழந்தையைக் கடிந்துகொள்கிறோம். அப்பென்சிலை வைக்க அதற்கோர் இடம் கொடுத்திருக்கிறோமா? அலமாரி பெரியவர்களுடையது, பரண் கைக்கு எட்டாது, கட்டிலின் கீழோ டிரங்குப் பெட்டிகள். விலாசமில்லாத மூட்டை பார்சல் ஆபீசில் கிடந்து தவிப்பதுபோல், இடமில்லாத பொருளும் வீட்டில் அலையத்தானே செய்யும்?

இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டில் உரோம் நகரில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சியளித்தார். அவர் முறையில் அலமாரிகள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். எடுத்த பொருளை, வேலை முடிந்ததும், எடுத்த இடத்திலேயே குழந்தை தானே வைத்தல் வேண்டும். இம்முறை மாளிகைகளில் பிறந்ததன்று. ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே பிறந்தது. ஆகவே நம் வீடுகளுக்கும் பொருந்தும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. பள்ளிப் பையை மாட்டக் குழந்தையின் தோளுயரத்தில் ஓர் ஆணி. எழுதுபொருள்களுக்கு ஒரு பழைய பிஸ்கட் தகரம். விளையாட்டுப் பொருள்களுக்கு ஓர் அட்டைப்பெட்டி. இவை போதும். எழுத்தறியாக் குழந்தையும் நிறம் அறியும். 1890-ஆம் ஆண்டளவில் தொடங்கிய மும்பை டப்பாக்காரர் தொழிலைப் பாருங்கள். மூடியில் இட்ட நிறமும் எழுத்தும் எண்ணுமே வழிகாட்ட, வீட்டுச் சோறு அலுவலகம் சேருகிறது. வெறும் பாத்திரமும் அதே வீட்டுக்குத் திரும்புகிறது. அண்ணனுக்குச் சிவப்புப் பொட்டு, தங்கைக்குப் பச்சைப் பொட்டு என்று நாமும் அடையாளம் இடலாமே!

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை தாறுமாறாக அடுக்கினாலும், அதனை நீங்களே திருத்தி அடுக்காதீர்கள். அவ்வாறு செய்தால் அது உங்கள் வேலையாகவே நின்றுவிடும். தம்பி இறைத்ததை அக்காள் பொறுக்கும் வழக்கத்தையும் விட்டொழிப்போம். ஆண்பிள்ளையும் தன் பொருளைத் தானே எடுத்து வைக்கட்டும். இரவு உணவுக்கு முன் ஐந்து நிமிடம், பெரியவர்களும் உடனிருந்து தத்தம் பொருள்களை எடுத்து வைத்தால், சொல்லாமலே பிள்ளைகள் கற்பார்கள்.

இன்று பென்சிலைப் பேணும் கை நாளை பள்ளிச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் மழையில் நனையாமற் பேணும். பிழைக்க வந்த நமக்கு அத்தாள்களின் அருமை தெரியாததா?

வீடு சிறிதாயினும், ஓர் ஆணியளவு இடமேனும் ‘இஃது உன்னுடையது’ என்று குழந்தைக்குக் கொடுப்போமாக.