குதிரை லாயத்தின் கட்டடக்கலை

விக்டோரியா மகாராணியார் பிரித்தானியாவை ஆண்ட காலம் 1837ஆம் ஆண்டு முதல் 1901ஆம் ஆண்டு வரையாகும். புகையிரதப் பாதைகள் அந்நாடெங்கும் பரவியதும் அக்காலத்திலேதான். எனினும், நாட்டுப்புறத்து நிலப்பிரபுக்களுக்குக் குதிரை இன்றியமையாததாகவே இருந்தது. புகையிரத நிலையத்திலிருந்து மாளிகைக்கு வருவதற்கும், வேட்டைக்குச் செல்வதற்கும், தேவாலயத்துக்குப் போவதற்கும் குதிரையே வேண்டியிருந்தது. ஆதலின், மாளிகையை அடுத்துப் பெரும் பொருட்செலவில் எழுப்பப்பட்ட கட்டடங்களுள் குதிரை லாயமும் ஒன்றாயிற்று.

இத்தகைய லாயங்கள் பெரும்பாலும் சதுரமான முற்றமொன்றைச் சூழ அமைந்தவை. வளைவு வாயில் ஒன்றினூடாக வண்டிகள் உள்ளே வரும். வாயிலின் மேலோ கூரையின் நடுவிலோ மணிக்கூட்டுக் கோபுரம் எழும். வேலையாட்கள் அம்மணியோசையைக் கேட்டே தம் கடமைகளைச் செய்தனர். பக்கிங்காம்ஷயரிலுள்ள வாட்ஸ்டன் மாளிகையின் லாயம் 1884ஆம் ஆண்டில் எழுந்தது. பாரன் பேர்டினண்ட் டி ரொத்சைல்டுக்காக மாளிகையை வரைந்த பிரெஞ்சுச் சிற்பி டெஸ்தாயர் அதன் அமைப்பிலும் பங்குகொண்டார். டெவன் பகுதியிலுள்ள ஆர்லிங்டன் கோர்ட்டின் லாயம் அதற்கும் முற்பட்டது. 1864ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

வெளித்தோற்றத்தைக் காட்டிலும் உள்ளமைப்பே ஆராயத்தக்கது. குதிரைக்கு வெப்பமே நலம் எனக் கருதி, முன்னாளில் லாயங்களைத் தாழ்வாகவும் காற்றோட்டமின்றியும் கட்டினர். சாணமும் சிறுநீரும் எழுப்பிய நெடி குதிரைகளின் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது. விக்டோரியா காலத்தார் இதனை உணர்ந்து, கூரையை உயர்த்தி, அதன் உச்சியில் காற்றுப்போக்கிகளை அமைத்தனர். குதிரையின் கண்ணை வெளிச்சம் நேரே தாக்காதவாறு சாளரங்களைத் தலைக்கு மேலே வைத்தனர். தளத்துக்குக் கெட்டியான செங்கற்களைப் பதித்தனர். குளம்பு வழுக்காமல் காத்ததும், நீரை வடிகாலுக்குச் செலுத்தியதும் அவற்றில் வெட்டப்பட்ட கோடுகளே. முன்பு தலைக்கு மேலிருந்த புல்தட்டிலிருந்து தூசி கண்ணில் விழுந்தமையால், அதனைத் தீவனத் தொட்டியின் மட்டத்துக்கு இறக்கினர். தடுப்புச் சுவர்களின் மேற்பகுதியை இரும்புக் கம்பிகளால் அமைத்தமையால், குதிரைகள் ஒன்றையொன்று கண்டு தனிமை தீர்ந்தன. சேண அறையில் தோல் பூஞ்சணம் பிடியாதிருக்க அடுப்பு எரிந்தது.

இத்தனை கவனமும் குதிரைக்குக் கிட்டியது. அதனைப் பேணிய சிறுவனின் நிலை யாது? லாயத்தின் மேல்மாடியில், உலர்புல் அடுக்கிய பரணுக்கு அருகில், சிறிய அறையில் அவன் பலருடன் உறங்கினான். இரவில் ஒரு குதிரை நோயுற்றுக் காலை உதைத்தாலும் அவன் விழித்தெழ வேண்டும். அவனை அங்கே இருத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். கீழே உள்ள குதிரைக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் எனக் கணக்கிட்ட காலம், மேலே உள்ளவனுக்காக அவ்வளவு கணக்கிட்டதில்லை. அவ்வகையில் லாயம் ஒரு சமுதாயத்தின் மனத்தையும் காட்டும் கட்டடமாகும்.

மோட்டார் வண்டி வந்ததும் லாயத்தின் பயன் குன்றத் தொடங்கியது. 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் போர் மூண்டபோது, இராணுவத்தார் சில வாரங்களுக்குள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை விலைகொடுத்துக் கட்டாயமாகப் பெற்றுக்கொண்டனர். குதிரைக்காரர் பலரும் போர்முனைக்குச் சென்றனர். இவ்வாறு வெறுமையான லாயங்கள் சில மோட்டார் கொட்டகைகளாயின, சில இடிந்தொழிந்தன.

எஞ்சியவற்றை என்செய்வது? ஆர்லிங்டன் கோர்ட்டின் கடைசி உரிமையாளரான ரோசலி சிசெஸ்டர் அம்மையார் 1949ஆம் ஆண்டு காலமானபோது, அவரது நிலமும் மனையும் தேசிய அறக்கட்டளையைச் சேர்ந்தன. இன்று அங்குள்ள லாயத்தில் பழைய குதிரை வண்டிகளின் காட்சிச்சாலை நடைபெறுகின்றது. வாட்ஸ்டன் லாயத்தில் சிற்றுண்டிச்சாலையும் கலைக்காட்சிக் கூடமும் உள்ளன. பழைய கட்டடம் வாழ வேண்டுமாயின் புதிய பயன் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் வடிகாற் கோடுகளை மூடி, பரணை உடைத்து, வெறும் சுவர்களை மாத்திரம் காப்பது பாதுகாப்பாகாது. குதிரை நின்ற இடத்தையும் சிறுவன் உறங்கிய இடத்தையும் ஒருங்கே காண்போருக்கே அக்கட்டடத்தின் முழு வரலாறும் புலனாகும்.