சரிக் குறி போட்ட ஐஸ்பெட்டி



பிள்ளைகளின் கணக்கு நோட்டில் சரிக் குறி போடுவது தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்கு அன்றாட வேலை. சிங்கப்பூரிலோ ஐஸ்பெட்டிக்கும் குளிரூட்டிக்கும் அரசாங்கமே சரிக் குறி போடுகிறது. ஒரு குறி என்றால் மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும் பொறி. ஐந்து குறி என்றால் சிக்கனமான பொறி. அந்தக் குறிகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

"சிங்கப்பூர் வீட்டுக் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஜொகூர் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் பாலம் கடந்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களில் சிலர் அங்கேயே வாடகை அறை எடுத்துத் தங்குகிறார்கள். அங்கே மின் கட்டணத்தில் போகும் ஒவ்வொரு வெள்ளியும் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் குறைகிற வெள்ளி.

சிங்கப்பூரில் மின்சாரம் மலிவான பொருளன்று. அங்கே அருவி இல்லை, நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு வெளிநாட்டிலிருந்து வாங்கும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு உற்பத்தியாகிறது. எரிவாயுவின் விலை உலகச் சந்தையில் ஏறினால் வீட்டுக் கட்டணமும் ஏறும். சமீப ஆண்டுகளில் ஓர் அலகு மின்சாரம் ஏறத்தாழ 30 காசு. இதன் மேல் கரிம வரி வேறு. 2019-இல் ஒரு டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய அந்த வரி 2024-இல் 25 வெள்ளி ஆயிற்று. அதை ஆலைகளும் மின் நிலையங்களும்தான் கட்டுகின்றன; ஆயினும் சுமை கடைசியில் யார் தலைக்கு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே அந்நாட்டின் தேசிய சுற்றுப்புற வாரியம் 2008-ஆம் ஆண்டில் ஒரு விதி கொண்டுவந்தது. விற்பனைக்கு வரும் குளிரூட்டி, ஐஸ்பெட்டி ஒவ்வொன்றிலும் அதன் மின் செலவைக் காட்டும் சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்பது அந்த விதி. அடுத்த ஆண்டில் துணி உலர்த்தும் பொறியும், 2014-இல் தொலைக்காட்சிப் பெட்டியும், 2015-இல் மின் விளக்கும் சேர்ந்தன. 2025 ஏப்ரலில் குளியலறைச் சுடுநீர்க் கருவிகளும் வரிசைக்கு வந்துவிட்டன.

சீட்டு ஒட்டினால் மட்டும் போதுமா? விலை மலிவைப் பார்த்து ஒற்றைக் குறிப் பொறியையே வாங்குவோர் இருப்பார்கள். அதனால் 2011 செப்டம்பரில் இன்னொரு விதி வந்தது. குறிப்பிட்ட தரத்துக்குக் கீழ்ப்பட்ட குளிரூட்டியையும் ஐஸ்பெட்டியையும் கடையில் விற்கவே கூடாது என்றார்கள். பரீட்சையில் தேர்ச்சி மதிப்பெண் வைப்பது போலத்தான். அந்தத் தேர்ச்சி மதிப்பெண்ணையும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உயர்த்திக்கொண்டே வருகிறார்கள்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலில் நான்கு குறிகளே உச்சமாக இருந்தன. 2014 செப்டம்பரில் அதை ஐந்தாக மாற்றி, அளவுகோலையும் திருத்தினார்கள். ஆகவே 2010-இல் வாங்கிய நான்கு குறிப் பொறியும் இன்றைய நான்கு குறிப் பொறியும் ஒன்றல்ல. அன்று வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை இன்றைய வகுப்பில் உட்கார்ந்தால் நடுவரிசையில்கூட வராமல் போகலாம். இந்தியாவிலும் இதே கதைதான். அங்கே சரிக் குறிக்குப் பதில் நட்சத்திரம். 2022 ஜூலையில் அளவுகோலை மாற்றியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த குளிரூட்டிகள் நான்குக்கு இறங்கின. பொறி மாறவில்லை, அளவுகோல் மாறிற்று. எனவே குறியை மட்டும் பார்க்காமல், அது எந்த ஆண்டுச் சீட்டு என்றும் பார்க்க வேண்டும்.

இனி, இந்தப் பொறிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சிறிது தெரிந்துகொள்வோம். குளிரூட்டி குளிரை உண்டாக்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. படகுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறோமே, அது போல. ஓட்டை வாளியால் இறைத்தாலும் தண்ணீர் குறையும். ஆனால் கை ஓய்ந்துபோகும். ஒரு பொறி ஒரு பங்கு மின்சாரம் தின்று மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றுகிறது, மற்றொன்று அதே ஒரு பங்கில் ஐந்து பங்கை வெளியேற்றுகிறது என்றால், இரண்டாவதுதான் நல்ல வாளி. குளிரூட்டிக்குக் கூடுதல் குறி கிடைப்பது இந்தக் கணக்கில்தான்.

ஐஸ்பெட்டிக்கு வேறு கணக்கு. அதன் கொள்ளளவையும் சேர்த்துப் பார்த்தே குறி போடுகிறார்கள். ஆகவே நான்கு குறி வாங்கிய பெரிய பெட்டி, மூன்று குறி வாங்கிய சின்னப் பெட்டியைவிட அதிக மின்சாரம் தின்னக் கூடும். கடைக்காரர் குறியைத்தான் காட்டுவார். நாம் பார்க்க வேண்டியது சீட்டில் அச்சிட்டிருக்கும் ஆண்டு அலகுக் கணக்கை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டி ஆண்டுக்கு 500 அலகு தின்கிறது, மற்றொன்று 300 அலகு என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 200 அலகு. அலகுக்கு 30 காசு என்றால் ஆண்டுக்கு 60 வெள்ளி. சிக்கனமான பெட்டி 150 வெள்ளி கூடுதல் விலையென்றால், இரண்டரை ஆண்டில் அந்தப் பணம் திரும்பிவிடும். பெட்டியோ பத்து ஆண்டு உழைக்கும். மீதி ஏழரை ஆண்டும் லாபந்தான்.

ஆனால் இந்தக் கணக்கு பொறியை வாங்குகிறவரும் கட்டணம் கட்டுகிறவரும் ஒருவராக இருந்தால்தான் சரிப்படும். வாடகை அறையில் அப்படியா? பொறியை வாங்குகிறவர் வீட்டுக்காரர். அவருக்கு வாங்கும் விலை குறைந்தால் போதும். மாதந்தோறும் கட்டுவது குடியிருப்பவர். விதிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு பொத்தல் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. அரசாங்கம் உதவாமலில்லை. 2020-இல் சிறிய வீவக வீடுகளில் வாழும் குடும்பங்களுக்குச் சிக்கனமான பொருள் வாங்கப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். 2024-இல் எல்லா வீவக குடும்பங்களுக்கும் 300 வெள்ளி என்றார்கள். ஆனால் அது சிங்கப்பூர்க் குடிமக்கள் இருக்கும் வீட்டுக்கு உரியது. நம் பிள்ளை கட்டும் மின் கட்டணம் அதே விலைதான். பற்றுச்சீட்டு மட்டும் அவனுக்கு இல்லை. அறை பார்க்கப் போகும்போதே வாடகையோடு கட்டணம் சேர்த்தியா என்றும், குளிரூட்டியில் எத்தனை குறி என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

குளிரூட்டி இல்லாமலும் மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். 1989-இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவுக்குப் போனால், சிராங்கூன் சாலையின் இருபுறமும் உள்ள பழைய கடைவீடுகளைச் சற்று நின்று பாருங்கள். உயர்ந்த கூரை, மரச் சட்டங்கள் அடுக்கிய ஜன்னல், வெயிலும் மழையும் உள்ளே படாமல் காக்கும் ஐந்தடி வழி, வீட்டின் நடுவே காற்றுக்குத் திறந்த முற்றம். சூடான காற்று மேலே போக, குளிர்ந்த காற்று கீழே வரும். செலவு ஒரு காசில்லை. பின்னாளில் பல வீடுகளில் முற்றத்தை மூடி, பலகையால் அறை அறையாகத் தடுத்தார்கள். காற்றை அடைத்துவிட்டுப் பிறகு அதற்கு விலை கொடுக்கிறோம். லீ குவான் இயூவோ 1999-இல், ஆயிரமாண்டின் செல்வாக்கு மிக்க கண்டுபிடிப்பு எது என்று கேட்கப்பட்டபோது குளிரூட்டியைத்தான் சொன்னார். வெப்ப நாட்டில் அலுவலகமும் ஆலையும் நடத்தியவர் கணக்கில் அது சரியாக இருக்கலாம். இரவு தூங்குவதற்கு விசிறியே பல நாள் போதும். கூரை விசிறிக்கு 60 வாட் அளவு போதும்; சிறிய குளிரூட்டி முழு வேகத்தில் ஓடினால் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும்.

நம் நாட்டிலும் 2013 முதல் ஐஸ்பெட்டி, குளிரூட்டி, தொலைக்காட்சி, விசிறி, விளக்கு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் உண்டு. எரிசக்தி ஆணையம் கொடுக்கும் நட்சத்திரச் சீட்டைப் பல பொருள்களில் பார்த்திருப்பீர்கள். ஐந்து நட்சத்திரமே உச்சம். அதிலும் ஆண்டு அலகுக் கணக்கு உண்டு.

பழைய ஐஸ்பெட்டியைச் சல்லிசாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். முதலில் கதவு ஓரத்து ரப்பரைச் சோதியுங்கள். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி, தாளை இழுங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்புறம் வெப்பம் வெளியேற ஒரு சாண் இடமாவது விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது கூடவே கூடாது. சீட்டு கிழிந்து போயிருந்தால், பின்புறத் தகட்டில் உள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, விவரம் தெரிந்த கடையில் ஆண்டு அலகு எவ்வளவு என்று விசாரித்த பிறகு விலை பேசுங்கள்.