உப்புக் காற்றில் பழைய மெஷின் வாள்



சிலாபத்தில் தொடங்கி உடப்பு, முந்தல், பாலாவி, நுரைச்சோலை என்று கற்பிட்டி முனை வரை போனால், தென்னை நிற்காத ஊர் இல்லை. தென்னை நிற்கும் இடத்தில் மெஷின் வாளுக்கும் வேலை உண்டு. காய்ப்பு ஓய்ந்த மரத்தைத் தறிக்க வேண்டும். காற்றில் வீட்டுப் பக்கம் சாய்ந்த மரத்தைத் துண்டு துண்டாக இறக்க வேண்டும். செயின் சோ என்று நாம் சொல்லும் அந்த வாளின் சத்தம் இந்தக் கரைக்குப் பழகிய சத்தம்.

இன்று நான் பேசப்போவது அதன் பழைய தலைமுறையைப் பற்றி. ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன் செய்யப்பட்ட வாள்களைத் தேடிப் பிடித்து, கழற்றித் துடைத்து, மறுபடி ஓட வைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படியான வாள் கிடைத்தால் அது நேரே பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகிறது. போவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அதன் பூர்வீகம். சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை மரத்துக்காக வந்ததல்ல, எலும்புக்காக வந்தது. 1830 அளவில் ஜெர்மனியைச் சேர்ந்த பேர்ன்ஹார்ட் ஹைனே என்பவர், கையால் சுழற்றும் சிறு சங்கிலி வாள் ஒன்றைச் சத்திரசிகிச்சைக்காகச் செய்தார். அது காட்டுக்குள் போக ஏறத்தாழ நூறு வருடங்கள் எடுத்தது. 1926இல் ஜெர்மனியில் அன்ட்ரியாஸ் ஸ்டில் மின்சாரத்தில் ஓடும் வாளைக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் எமில் லேர்ப் தமது பெற்றோல் வாளை டொல்மார் என்ற மலையில் ஓட்டிக் காட்டினார். அந்த மலையின் பெயரே பின்னர் வாளின் பெயராயிற்று. இவை எல்லாம் இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டிய பாரமான மெஷின்கள். பெற்றோல் எஞ்சினைச் சரித்தால், மிதவை வைத்த காபரேட்டரில் பெற்றோல் ஒழுங்காக நிற்காது. அதனால் எஞ்சினை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, வெட்டும் பட்டத்தை மட்டும் திருப்பும்படி பல வாள்களைச் செய்தார்கள்.

இந்த வில்லங்கத்தைத் தீர்த்தது ஒரு சிறிய இறப்பர் தகடு. டயப்பிரம் காபரேட்டர் வந்த பிறகு மிதவை தேவைப்படவில்லை. எஞ்சினுக்குள் ஏறி இறங்கும் காற்றழுத்தம் அந்தத் தகட்டை ஆட்டும். அந்த ஆட்டத்திலேயே பெற்றோல் உறிஞ்சப்படும். வாளைச் சரித்தாலும் கவிழ்த்தாலும் எஞ்சின் நிற்காது. 1949இல் அமெரிக்காவின் மெக்கலக் நிறுவனம் 25 இறாத்தல் எடையில் ஒருவர் தூக்கும் வாளை விற்றது. 1959இல் ஸ்டில் நிறுவனத்தின் கொன்ட்ரா வந்தது. சேகரிப்பவர்கள் இன்றும் தேடி அலையும் பெயர்களில் அது ஒன்று.

பல்லின் கதை இன்னும் சுவையானது. பழைய சங்கிலியின் பல் மரத்தைக் கீறிக்கொண்டு போகும். வெட்டு மெதுவாக நகரும், தூள் அடைக்கும், அடிக்கடி அரம் போட வேண்டும். 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்ற மரவெட்டி, அடிக்கட்டை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவைக் கவனித்தார். அந்தப் புழுவின் தாடை, மரத்தின் நாரோட்டத்தோடும் அதற்குக் குறுக்காகவும் வலமிடமாக மாறி மாறிச் சீவுவதைப் பார்த்தார். அதே மாதிரி இடமும் வலமுமாக வளைந்த பல்லைச் செய்தார். இன்று நம் ஊரில் ஓடும் சங்கிலிகளும் அந்த அமைப்பின் வழி வந்தவையே.

சரி, நம் கரைக்கு வருவோம். லுணுவிலயில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையம் இதே புத்தளம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தென்னை இங்கே அவ்வளவு பெரிய விடயம். ஆனால் தென்னை, வாளுக்கு இலகுவான மரம் அல்ல. பாலை, முதிரை போன்ற மரங்களில் வைரம் உள்ளே இருக்கும். தென்னையில் தலைகீழ். வெளிச்சுற்று இறுகி வலுவாக இருக்கும், நடு மெத்தென்று இருக்கும். அந்த வெளிச்சுற்று பல்லின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். அடிமரத்தில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே இந்தப் பக்கத்தில் ஒரு பழைய வாள் கிடைத்தால், அதன் பட்டத்திலும் சங்கிலியிலும் அதிகத் தேய்மானம் இருக்கும் என்று எதிர்பார்த்தே கையில் எடுக்க வேண்டும்.

அடுத்த எதிரி உப்பு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டிப் பக்கம் யன்னல் கம்பியே எப்படித் துருப்பிடிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வாளுக்கு அதைவிட மோசம். பாரத்தைக் குறைப்பதற்காகப் பழைய வாள்கள் பலவற்றின் உடலை மக்னீசியக் கலப்பு உலோகத்தில் வார்த்தார்கள். அதில் இரும்பு ஸ்குரூ பூட்டியிருக்கும். உப்பு ஈரம் இரண்டுக்கும் நடுவே புகுந்தால், மக்னீசியம் தன்னைக் கரைத்து இரும்பைக் காப்பாற்றும். மீனவர்கள் அவுட்போர்ட் மோட்டாரின் காலில் நாகத் துண்டு பூட்டுவது எதற்காகவோ, அதே வேலைதான் இங்கே நடக்கிறது. ஒரு வித்தியாசம், இங்கே கரைந்துபோவது மெஷினின் உடலே. ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருந்தால் இதுதான் காரணம்.

அப்படிப் பூத்த இடத்தில் என்ன செய்யலாம்? பித்தளைப் பாத்திரம் துலக்குவது போலப் புளியோ எலுமிச்சையோ வினாகிரியோ போடக் கூடாது. புளிப்பு எதுவானாலும் மக்னீசியத்தை அரித்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்து, உலோகத்துக்கான பிரைமர் பூசிவிட வேண்டும். இறுகிய ஸ்குரூவோடு மல்லுக்கட்ட வேண்டாம். துருப்பிடி தளர்த்தும் எண்ணெயை விட்டு ஒரு நாள் பொறுங்கள். மறுநாள் பொருத்தமான சாவியால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். கிறைண்டர் பிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மக்னீசியத் தூள் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணலால் மூட வேண்டும்.

எஞ்சினுக்குப் போவோம். கிடைத்த சந்தோஷத்தில் உடனே ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பதுதான் பலர் செய்யும் பிழை. உள்ளே துரு இருந்தால், அந்த ஒரு இழுவையே சிலிண்டரைக் கீறிவிடும். முதலில் சைலன்சரைக் கழற்றுங்கள். புகை வெளியேறும் துவாரத்தால் டோர்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். அது வழவழப்பாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். மேலும் கீழுமாகக் கோடுகள் விழுந்திருந்தால், ஒரு காலத்தில் ஒயில் போதாமல் இறுகிய எஞ்சின் அது. பிறகு பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சில துளி ஒயில் விட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள்.

அடுத்தது நெருப்புப் பொறி. பழைய வாள்களில் பொயின்ட், கண்டென்சர் முறைதான் இருக்கும். சும்மா கிடந்த பொயின்ட்டில் படலம் பிடித்திருக்கும். மெல்லிய எமரித் தாளை ஒரு முறை இழுத்தாலே பல வாள்களில் பொறி திரும்பி வந்துவிடும். கொயிலுக்கும் பறக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி வைக்க, ஒரு விசிட்டிங் கார்ட்டை நடுவில் செருகி இறுக்கிவிட்டு உருவி எடுப்பது மெக்கானிக்மாரின் வழக்கம். காபரேட்டரில் நான் முன்பு சொன்ன இறப்பர் தகடு இருக்கிறது அல்லவா, அது காய்ந்து மொரமொரத்துப் போயிருக்கும். அதை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. பெற்றோல் குழாயும் அப்படித்தான்.

ஒயில் கலவையில் கவனம் வேண்டும். இன்றைய டூ-ரி ஒயிலுக்குப் பெரும்பாலும் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் என்பது கணக்கு. பழைய வாள்கள் பலவற்றுக்கு அதன் இரட்டிப்பு, அதாவது 40 மில்லிலீற்றர், அல்லது அதற்கும் மேலே சொல்லியிருப்பார்கள். உடலில் ஒட்டிய தகட்டில் எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். இன்னொன்று, சங்கிலிக்கு விடும் ஒயில் பழைய மெஷின்கள் பலவற்றில் தானாக வராது. பெருவிரலால் ஒரு குமிழை அமத்திக்கொண்டே வெட்ட வேண்டும். குமிழைப் பார்த்தாலே வாளின் வயது ஓரளவு பிடிபட்டுவிடும்.

இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். நம் கரையில் தெரிந்தவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அவுட்போர்ட் மோட்டாரை வருடக்கணக்கில் திருத்திய கைக்கு, மெஷின் வாள் புதிய பாடம் அல்ல. இரண்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஒயில் சீலும் பெயரிங்கும் அளவு பார்த்துப் போடுவதும், கரி படிந்த பிளக்கின் நிறத்தைப் பார்த்தே குறை சொல்வதும் அவர்களுக்கு அன்றாடம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, திருத்தத் தெரிந்தவரின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. அவர்களிடம் கற்றுக்கொள்ள இளைஞர்களுக்குப் பழைய வாள் நல்ல பாடப்புத்தகம். சின்ன மெஷின், மேசை மேலே வைத்தே முழுவதும் கழற்றலாம்.

பெயின்ட் அடிப்பது பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. முழுவதையும் உரித்துப் புதுக்கடை மெஷின் போலப் பளபளக்க வைக்காதீர்கள். கைபிடித்துத் தேய்ந்த இடம், யாரோ ஆணியால் கீறிய பெயரெழுத்து, தோட்டத்து இலக்கம், இவைதான் அந்த வாளை மற்ற வாள்களிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. அரிக்கும் இடத்துக்கு மட்டும் பெயின்ட் போதும். தொடர் இலக்கத் தகட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றி எறிய வேண்டாம்.

இனி முக்கியமான விடயம். திருத்திய வாளை ஓட வைத்துக் கேளுங்கள். ஆனால் மரத்தில் வைக்காதீர்கள். பட்டத்தின் மேல்மூக்கு எதிலாவது பட்டால் வாள் நொடியில் முகத்துக்கு எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக், 1970களின் தொடக்கத்தில்தான் வாள்களில் வரத் தொடங்கியது. அதற்கு முந்திய வாளில் அது கிடையாது. அதிர்வைத் தாங்கும் இறப்பர் கட்டை 1960களின் நடுவில்தான் பழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் நாளெல்லாம் வாள் பிடித்தவர்களுக்கு இரத்த ஓட்டம் குறைந்து விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் வந்தது. பழைய வாளில் இன்று சம்பள வேலை செய்வதும் செய்விப்பதும் தவறு. வெட்டுவதற்குப் பாதுகாப்புள்ள புதிய வாள். பழையது பார்ப்பதற்கும் படிப்பதற்கும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். காடழிப்பைத் தடுக்கவென்று 2019இல் நாடு முழுவதும் மெஷின் வாள்களைப் பதியச் சொன்னார்கள். அதே வருடம் யூன் மாதத்தில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வாள் இறக்குமதித் தடையை அறிவித்தார். ஓடாத வாள்தானே என்று அசட்டையாக இருக்காமல், கையில் எடுத்ததும் பொலிஸ் நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ விசாரித்து, இன்றைய நடைமுறைப்படி பதிந்துகொள்ளுங்கள். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலாவும் ஈரப்பலாவும் பெண் பனையும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாத மரங்கள் என்பதையும் வாள் வைத்திருப்பவர் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்து ஸ்டோரிலோ, மரக்காலையிலோ, அப்பாவின் பழைய பெட்டிக்குள்ளோ இப்படி ஒரு வாள் கிடந்தால், கிலோ விலைக்கு விற்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். தகட்டிலுள்ள பெயரையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதைப் பிடித்து வேலை செய்தவர் உயிரோடு இருந்தால், எந்தத் தோட்டத்தில், எந்த மரம் வெட்டினார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். மெஷினைப் பிறகும் திருத்தலாம். அவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.