நல்லா ஆயிட்டான்னு நினைச்சோம்: டிப்ரஷனா, பைபோலாரா?

இன்னிக்கு எபிசோட்ல கெஸ்ட் கிடையாது, நான் மட்டும்தான். எங்க குடும்பத்துல நடந்த ஒரு கதையைச் சொல்றேன். அதை வச்சு, அடிக்கடி வர்ற மனநோய்களை எப்படி அடையாளம் காணுறது, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் என்ன வித்தியாசம்னு பேசலாம். கதையில வர்ற அண்ணன்கிட்ட கேட்டு, அவர் சரின்னு சொன்ன பிறகுதான் பேசுறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஊத்துக்கோட்டை. பெரியபாளையம் வழியா திருப்பதி பஸ்ல போயிருந்தா பார்த்திருப்பீங்க. ஆந்திரா பார்டருக்குப் பக்கத்துல, ஆரணி ஆத்தை ஒட்டின ஊர். கொஞ்ச தூரத்துல தாமரைக்குப்பம். அங்க ‘ஜீரோ பாயின்ட்’னு ஒரு இடம் இருக்கு. கண்டலேறு அணையில இருந்து கால்வாய்ல வர்ற கிருஷ்ணா தண்ணி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற இடம் அது. அங்கிருந்து பூண்டி ஏரிக்குப் போய், பிறகுதான் சென்னைக்கு வருது. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கங்க.

அண்ணன்னா என் பெரியம்மா பையன். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்பு உருக்குற ஒரு கம்பெனியில வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். 2016 கடைசியில அவர் வேலைக்குப் போறதை நிறுத்திட்டார். முதல்ல கால் வலின்னார். அப்புறம் எதுவுமே சொல்லலை. குளிக்கலை, சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வச்சார். விடியக்காலை மூணு மணிக்கு முழிச்சு, சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். “நான் எதுக்கும் லாயக்கில்லம்மா”ன்னு பெரியம்மாகிட்ட ஒரு நாள் சொன்னார். இப்படி ரெண்டு மாசம்.

நான் அப்ப எம்.எஸ்.டபிள்யூ ரெண்டாவது வருஷம். பாடத்துல டிப்ரஷன் படிச்சு முடிச்சிருந்தேன். ரெண்டு வாரத்துக்கு மேல, நாள் முழுக்க, மனசு இறங்கியே இருக்கணும். இல்லைன்னா எதுலயும் பிடிப்பில்லாம இருக்கணும். கூடவே தூக்கம், பசி, கவனம், தன்னைப் பத்தின எண்ணம் எல்லாம் கெடும். அண்ணனுக்கு எல்லாமே பொருந்துச்சு. நான்தான் பெரியம்மாவைச் சமாதானப்படுத்தி ஒரு கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். அஞ்சு நிமிஷத்துல பார்த்து, டிப்ரஷனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க.

மூணு வாரத்துல அண்ணன் எழுந்துட்டார். சும்மா எழுந்திருக்கலை, பறந்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வெள்ளை அடிச்சார். தெருவுல இருக்குற பசங்களுக்கெல்லாம் டிபன் வாங்கிக் கொடுத்தார். பெரியம்மா கண்ணு கலங்கி, “நம்ம புள்ள தேறிட்டான்மா”ன்னாங்க. பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை வேண்டுதலையும் நிறைவேத்தினாங்க. மாத்திரை வேலை செய்யுதுன்னு நானும் பெருமைப்பட்டேன். அவர் மூணு ராத்திரியா தூங்கலைன்னு எனக்குத் தெரியும். ஆனா அதை யார்கிட்டயும் சொல்லலை.

அடுத்த பத்து நாள்ல பெரியம்மாவோட சீட்டுப் பணம் போச்சு. பைக் போச்சு. சாமியானா கடை வைக்கப் போறேன்னு கடனுக்கு நூறு நாற்காலி வந்து வாசல்ல இறங்குச்சு. ஏன்னு கேட்டா அடிக்க வந்தார். ஒரு நாள் காலையில ஜீரோ பாயின்ட்ல நின்னுக்கிட்டு, “சென்னைக்கு நான்தான் தண்ணி விடுறேன், யாரும் கிட்ட வராதீங்க”ன்னு கத்திக்கிட்டு இருந்தார். கால்வாய்ல தண்ணி ஓடிக்கிட்டிருந்த நேரம். யாரோ ரெண்டு பேர் பிடிச்சு இழுத்ததால உயிரோட இருக்கார்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். ‘கீழ்ப்பாக்கம்’னாலே நாம ஒரு கிண்டலாத்தான் சொல்வோம், இல்லையா? 1794ல ஆரம்பிச்ச இடம் அது. எத்தனையோ குடும்பத்துக்கு அதுதான் கடைசிக் கதவு. அங்க இருந்த டாக்டர் அண்ணனைவிட எங்ககிட்டதான் அதிகம் பேசினாங்க. ஒரு கேள்வி கேட்டாங்க: “இதுக்கு முன்னாடி எப்பவாவது, பல நாள் சரியா தூங்காம, ஆனா களைப்பே இல்லாம, ரொம்ப சுறுசுறுப்பா இருந்திருக்காரா?”

பெரியம்மா இல்லைன்னாங்க. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அண்ணனுக்குப் பத்தொன்பது வயசு இருக்கும்போது, ஊர்த் திருவிழா சமயத்துல பத்து நாள் அப்படித்தான் இருந்தார். பேச்சு நிக்காது, தூக்கம் கிடையாது, ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார். “எப்படி உழைக்குறான் பாரு”ன்னு எல்லாரும் பாராட்டினோம். அதை நோய்னு யாருமே நினைக்கலை.

அண்ணனுக்கு இருந்தது பைபோலார். மனசு ஒரு பக்கம் பாதாளத்துக்கு இறங்கும், இன்னொரு பக்கம் எல்லை தாண்டி ஏறும். இறங்கியிருக்கும்போது மட்டும் பார்த்தா, சாதாரண டிப்ரஷனுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது. பழைய ஏத்தத்தைப் பத்திக் கேட்டாத்தான் தெரியும். பைபோலார் இருக்குறவங்களுக்கு டிப்ரஷன் மாத்திரையை மட்டும் தனியா கொடுத்தா, சிலருக்கு அது ஏத்தத்தைக் கிளப்பிவிடும். முதல் கிளினிக்ல அந்தக் கேள்வியை யாரும் கேக்கலை. கேக்காமலே சொல்லியிருக்க வேண்டியவ நான்.

இங்க ஒரு விஷயம், தயவுசெஞ்சு தப்பா எடுத்துக்காதீங்க. டிப்ரஷன் மாத்திரை கெட்டதுன்னு நான் சொல்லலை. நிறைய பேரைக் காப்பாத்துற மருந்து அது. நீங்க எடுத்துக்கிட்டிருந்தா இதைக் கேட்டுட்டு நிறுத்திடாதீங்க. சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட பேசுங்க.

சரி, வித்தியாசம் கண்டுபிடிக்க நான் இப்ப வேலையில கேக்குற சில கேள்விகளைச் சொல்றேன். இதை வச்சு நீங்களே முடிவு கட்டக் கூடாது. டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்னு தெரிஞ்சுக்கத்தான் இது.

முதல் கேள்வி, தூக்கம். தூக்கம் வரலையா, தேவைப்படலையா? டிப்ரஷன்லயும் பதட்டத்துலயும் தூக்கம் வராது, மறுநாள் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். மேனியான்னு சொல்ற ஏத்தத்துல ரெண்டு மணி நேரம் தூங்கினாலே போதும், ஆள் ஃபுல் சார்ஜ்ல இருப்பாங்க. வீட்டுல யாராவது அப்படி மாறினா, அதைத்தான் முதல்ல சொல்லுங்க.

ரெண்டாவது, எவ்வளவு நாள்? “எனக்கு பைபோலார் மாதிரி இருக்குடா, காலையில ஹேப்பி, சாயங்காலம் அழுகை”ன்னு நிறைய பேர் சொல்றோம். ஒரே நாள்ல மூட் மாறுறது பொதுவா பைபோலார் இல்லை. மேனியான்னு சொல்ல ஒரு வாரமாவது அப்படியே இருக்கணும், இல்லைன்னா ஆஸ்பத்திரியில சேர்க்குற அளவுக்குப் போயிருக்கணும். லேசான ஏத்தம்னா கூட நாலு நாளாவது தொடர்ந்து இருக்கணும். நாள் முழுக்க எதையாவது நினைச்சுக் கவலைப்பட்டுக்கிட்டே மாசக்கணக்கா ஓடுதுன்னா, அது பதட்ட நோய் பக்கம். பேனிக் அட்டாக் வேற. சில நிமிஷத்துல உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கிடும்.

பேனிக் பத்தி ஒரு உதாரணம். கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல தினமும் போற ஒரு பொண்ணு. மீஞ்சூர் தாண்டினதும் நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை மரத்துப் போகும், இப்ப செத்துடுவோம்னு தோணும். பொன்னேரியில இறங்கிடுவா. முதல் தடவை வரும்போது இதயத்தைத்தான் பார்க்கணும். ஈ.சி.ஜி. எடுக்காம ‘இது வெறும் டென்ஷன்’னு அனுப்புறது ஆபத்து. அவளுக்கு இதயம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுது. ஆனா ‘திரும்ப வந்துடுமோ’ங்கற பயத்துல அவ ட்ரெயின் ஏறுறதையே விட்டுட்டா. பேனிக் வியாதி உண்மையில ஆளை முடக்குறது அந்த இடத்துலதான். அதுக்குப் பேச்சு சிகிச்சை நல்லா வேலை செய்யுது.

மூணாவது, அந்த எண்ணத்தை அவங்களே சந்தேகப்படுறாங்களா? மேசையை நீட்டா வச்சுக்குறது ஓ.சி.டி. இல்லை. ஓ.சி.டி.ன்னா கை சுத்தமாத்தான் இருக்குன்னு தெரிஞ்சும், கழுவலைன்னா மனசு விடாது. பெரும்பாலும், ‘இது அதிகப்படி’ன்னு அவங்களுக்கே தெரியும், வெட்கப்பட்டு மறைப்பாங்க. சைக்கோசிஸ்ல அந்தச் சந்தேகம் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரங்க என்னைப் பத்திப் பேசுறாங்க, டிவியில என்னைத்தான் சொல்றாங்கன்னு உறுதியா நம்புவாங்க. யாரும் இல்லாம குரல் கேக்கும். ஜீரோ பாயின்ட்ல அண்ணன் சொன்னதும் அப்படி ஒரு உறுதியான நம்பிக்கைதான். ஆனா அது மனநிலை ஏறினப்ப வந்துச்சு, இறங்கினப்ப போயிடுச்சு. மனநிலை ஏத்த இறக்கம் இல்லாமலே அந்த நம்பிக்கையும் குரலும் மாசக்கணக்கா இருந்தா, டாக்டர் ஸ்கிசோஃப்ரினியாவையும் யோசிப்பார். இதுல எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை ஆரம்பிக்குறோமோ அவ்வளவு நல்லது.

நாலாவது, உடம்புல காரணம் இருக்கா? தைராய்டு குறைஞ்சா டிப்ரஷன் மாதிரியே இருக்கும், கூடினா பதட்டம் மாதிரி இருக்கும். ரத்தசோகையும் ஆளைச் சோர்வாக்கிடும். தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா, ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கி, இல்லாத பூச்சியைப் பிடிப்பார், ஆள் அடையாளம் தெரியாது. பேய் பிடிச்சிடுச்சுன்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அது உயிர் போற விஷயம், நேரா எமர்ஜென்சிக்குப் போகணும். திடீர்னு குழப்பம், கூட காய்ச்சல்னாலும் அப்படித்தான்.

கடைசிக் கேள்வி கஷ்டமானது. “செத்துடலாம்னு தோணுதா?” இதைக் கேட்டா நாமளே அந்த எண்ணத்தை விதைச்சுடுவோமோன்னு பயப்படுறோம். அப்படி இல்லை. நேரடியா, அமைதியா கேட்டா, பல பேருக்கு அது பெரிய ஆறுதல். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க.

சாமிகிட்ட போறதை நான் கேலி பண்ணலை. பெரியம்மாவுக்கு அந்த வேப்பஞ்சேலைதான் தெம்பு. ஆனா வேண்டுதலோட வைத்தியமும் இருக்கணும், சங்கிலி எங்கயும் இருக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சப்ப 28 பேர் செத்தாங்க. சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியலை. 2017ல வந்த மனநலச் சட்டம் எந்த விதத்துலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு சொல்லுது. உடம்பு நோய்க்குக் கொடுக்குற மாதிரியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கொடுக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. உங்க பாலிசியை எடுத்துப் பாருங்க.

நிம்ஹான்ஸ் 2015-16ல எடுத்த தேசிய ஆய்வுல தமிழ்நாடும் இருந்துச்சு. பெரியவங்கள்ல நூத்துல பத்துப் பேருக்கு மேல ஏதோ ஒரு மனநோய் இருக்குன்னு அது சொல்லுச்சு. அதுல பெரும்பாலானவங்க சிகிச்சைக்கே வரலை.

அண்ணன் இப்ப லித்தியம் மாத்திரை எடுத்துக்குறார். 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்ங்கற டாக்டர் மேனியாவுக்கு இது உதவும்னு எழுதினார். இன்னிக்கும் முக்கியமான மருந்து. குறிப்பிட்ட இடைவெளியில ரத்தப் பரிசோதனை செஞ்சு அளவைப் பார்க்கணும். உலைக்குப் பக்கத்துல நின்னு வியர்த்து உடம்புல நீர் வத்தினா, ரத்தத்துல மருந்து அளவு ஏறி விஷமாயிடும். வலி மாத்திரை சிலதும் அதே மாதிரி ஏத்திடும். அதனால டாக்டர் லெட்டர் எழுதிக் கொடுத்தாங்க. கம்பெனியில உலைப் பக்கத்துல இருந்து ஸ்டோருக்கு மாத்தினாங்க, நைட் ஷிப்டையும் எடுத்துட்டாங்க. தூக்கம் கெட்டா பைபோலார் திரும்ப வர வாய்ப்பு அதிகம். ஷிப்ட் வேலை பார்க்குற எல்லாரும் இதைத் தெரிஞ்சு வச்சுக்கங்க.

போன தடவை ஊருக்குப் போனப்ப அண்ணனோட ஜீரோ பாயின்ட் பக்கம் நடந்தேன். கால்வாய்ல நல்லா தண்ணி ஓடுச்சு. “இன்னிக்கு நான் விடலை, ஆந்திராக்காரங்கதான் விட்டிருக்காங்க”ன்னு சிரிச்சார். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, “நான் தூங்கலைன்னு உனக்குத் தெரியும்ல, அப்பவே சொல்லியிருக்கலாமே”ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை. அதனாலதான் இந்த எபிசோட்.

உங்க வீட்டுல, ரூம்மேட்ல, ஆபீஸ்ல யாரோட தூக்கமாவது திடீர்னு மாறியிருந்தா, கவனிச்சதைக் கூடப் போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க. எங்க போறதுன்னு தெரியலைன்னா 14416. டெலி மானஸ், அரசோட இலவச நம்பர், எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயும் பேசலாம். நம்பரை இப்பவே போன்ல சேவ் பண்ணி வச்சுக்கங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.