பேரனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாத கதை

(பெங்களூரு கிளைக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

நான் டாக்டர் இல்லை. தப்புப் பண்ணிய பாட்டி. அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

மல்லேஸ்வரத்தில் பிள்ளையாத்தில் இருக்கிறேன். பேரனுக்கு ஒரு வயசு முடிந்ததும் பசும்பால் ஆரம்பித்தோம், ஒத்துக்கொண்டது. 14-வது மாதத்தில் நாலு நாள் வாந்தி, பேதி. ஓ.ஆர்.எஸ். கொடுத்துத் தேறினான். மறுபடி பால் கொடுத்தால் வயிறு உப்புசம், நுரை நுரையாகப் புளித்த வாடையுடன் பேதி, உட்காருமிடம் சிவந்து புண். "பால் இவனுக்கு ஆகாது" என்று தீர்ப்பளித்தவள் நான்தான். தயிர், நெய்யும் போச்சு. மாட்டுப்பெண் "டாக்டரைக் கேட்கலாமே அம்மா" என்றாள். "நாலு பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றேன். மூன்று மாதம் கஞ்சித் தெளிவும் ரச சாதமும். எடை 9 கிலோவிலேயே நின்றது.

கடைசியில் டாக்டர் விளக்கினார். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ், சிறுகுடலின் மெல்லிய விரல் போன்ற நுனிகளில் சுரக்கிறது. பேதி அந்த நுனிகளைத் தேய்த்துவிடும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே வளர்ந்துவிடும். "தாய்ப்பாலில் லாக்டோஸ் 100 மில்லிக்கு சுமார் 7 கிராம். பசும்பாலில் 5-க்கும் குறைவு. அதைக் குடித்து வளர்ந்தவனுக்கு இது எப்படி ஜன்ம விரோதி ஆகும்?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

இந்தப் பேதிக்கு முக்கியக் காரணம் ரோட்டா வைரஸ். நம் ஊர்ப் பச்சிளங்குழந்தைகளிடம் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் கண்டெடுத்த ஒரு வகையும் தடுப்பு மருந்துக்காகப் பரிசோதிக்கப்பட்டது. கடைசியில் டில்லி எய்ம்ஸில் கிடைத்த வகைதான் ரோட்டாவேக் ஆயிற்று. 2016-ல் தொடங்கி அரசுத் திட்டத்தில் சொட்டு மருந்தாகக் கொடுக்கிறார்கள். உங்களாத்துக் குழந்தைக்குப் போட்டாச்சா, அட்டையைப் பாருங்கள்.

முதலில் தயிர் சாதம்தான் கொடுக்கச் சொன்னார். உறைமோர்க் கிருமிகள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. பிறகு ராகிக் கூழில் இரண்டு ஸ்பூன் பால், அப்புறம் கால் டம்ளர். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். வயிறு பாலாலேயே நிறைந்தால் சாதம் இறங்காது, இரும்புச் சத்து குறையும்.

மலத்தில் ரத்தம், உடம்பில் தடிப்பு, உதட்டு வீக்கம் என்றால் விஷயம் வேறு. அது பால் புரத அலர்ஜி, தயிரும் ஆகாது. உடனே டாக்டரிடம் போங்கள்.

பேரன் இப்போது 11 கிலோ. காலையில் என் டபராவைப் பிடித்து இழுக்கிறான். காபி மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.