சுவரைப் பார்த்துவிட்டு மெஷினை வாங்குங்கள்

(வட்டுக்கோட்டையில் நடந்த வீட்டுத் திருத்த வேலைப் பயிற்சிக்கு மலையகத்திலிருந்து சென்றிருந்த எமது அங்கத்தவர்களுக்கும் குடும்பத்தினருக்கும், அவ்வூர்த் தச்சுத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை. போக முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



எங்கள் ஊர்ப் பெயரை நீங்கள் இரண்டு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்று, 1976 மே 14ஆம் திகதித் தீர்மானம். அதைப் பேசத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும். மற்றது பழமொழி. வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு இத்தனை கொட்டைப்பாக்கு என்றானாம். பற்றரியில் ஓடும் ட்ரில் மெஷின் வாங்கக் கடைக்குப் போகிறவருக்கு இன்றைக்கு நடப்பது அதுதான். "என்னுடைய வீட்டுச் சுவருக்கு எது சரி?" என்று நீங்கள் கேட்பீர்கள். "இது 48, அது 88, இரண்டு பற்றரி, பெட்டி நிறைய பிட் இலவசம்" என்று பதில் வரும். வழியைச் சொல்லமாட்டார்கள், பாக்கு விலையைத்தான் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் உங்கள் தோட்டங்களுக்குக் கிளாக்கராக வந்து செக்ரோல் எழுதினார்கள். நானும் இன்றைக்கு ஒரு கணக்கோடுதான் வந்திருக்கிறேன், ஆனால் இது உங்கள் பக்கத்துக் கணக்கு.

மெஷின் 27,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன், விலை கடைக்குக் கடை மாறும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 8 வீதம் வெட்டினால் கைக்கு வந்தது 1,242. அந்தக் கணக்கில் பார்த்தால் அந்த மெஷின் 22 பேர். ஏறக்குறைய ஒரு மாதம் முழுக்க மலைக்குப் போய் வாங்கும் சாமான். அட்டை கடித்து, மழையில் நனைந்து விழுந்த பேர். தவணைக்கு எடுத்தால் இன்னும் சில பேர் அதன் மேலே ஏறும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது எத்தனை வோல்ட் என்பதல்ல, உங்கள் வீட்டில் எதில் ஓட்டை போடப் போகிறீர்கள் என்பதுதான்.

உங்கள் வீடுகளை யோசித்துப் பாருங்கள். பழைய லயமென்றால் பல இடங்களில் கருங்கல் சுவர். புதிதாகக் கட்டிக் கொடுத்த தனி வீடென்றால் பெரும்பாலும் சீமெந்துக் கல். உள்ளே தடுப்புக்கும், தட்டுக்கும், கோழிக்கூட்டுக்கும் சவுக்கு, டேப்பன்டைன், பழைய பெட்டிப் பலகை. இந்த மூன்றுக்கும் ஒரே மெஷின் ஒரே மாதிரி வேலை செய்யாது.

மரத்துக்கு ஓட்டை போடவும், ஸ்க்ரூ ஆணி ஏற்றவும் கழற்றவும் பற்றரி ட்ரில்லைப் போல வசதியானது வேறில்லை. 12 வோல்ட் மெஷினே தாராளம். அது ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்தான் இருக்கும். நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கைக்கு இது சின்ன விஷயமில்லை. கடையில் ஆம்பிளைகள் பெரிய மெஷினைத் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். வீட்டில் தட்டு அடிக்கப்போவது அநேகமாக அக்காமார்தான். வாங்கும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போய், கையை நெஞ்சுக்கு மேலே நீட்டி ஒரு நிமிஷம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீமெந்துக் கல்லுக்கு ஹமர் உள்ள 18 வோல்ட் மெஷின் போதும். ஆனால் உள்ளே பொள்ளலாக இருக்கும் கல்லில் ஹமரை நிறுத்திவிட்டு, வெறுமனே சுற்றவிட்டுத்தான் துளைக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்பக்கம் உடைந்து விழும், ரோல் பிளக் பொள்ளலுக்குள் போய்விடும். பாரமான சாமான் மாட்டுவதென்றால் நீளமாக ஒரு சட்டப் பலகையை நாலைந்து இடத்தில் இறுக்கி, அந்தப் பலகையில் மாட்டுங்கள். பாரம் பிரிந்து விழும்.

கருங்கல்தான் சிக்கல். பற்றரி ட்ரில்லின் ஹமர் என்பது உள்ளே பல்லுப்பல்லாக இரண்டு தட்டு ஒன்றின் மேல் ஒன்று உரசித் துள்ளுவது. நீங்கள் எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவுதான் அடி. கருங்கல்லுக்கு அது கொசுக்கடி. அதற்கென்று எஸ்.டி.எஸ். பிட் போடும் ரோட்டரி ஹமர் என்று வேறொரு மெஷின் இருக்கிறது. அதற்குள்ளே பிஸ்டன் ஒன்று காற்றை அமுக்கி, அந்தக் காற்று பிட்டின் தலையில் அடிக்கும். தள்ளவே தேவையில்லை, பிடித்துக்கொண்டால் போதும். அதை விலைக்கு வாங்காதீர்கள். வருஷத்தில் ஒரு நாள் வேலைக்கு மேசன் பாஸ் ஒருவரிடம் இரவல் வாங்குங்கள், அல்லது நாள் வாடகைக்கு எடுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தில் துளைத்தால் சுலபமாகப் போகுமே என்று சிலர் நினைப்பார்கள். பழைய சாந்து போன வேகத்திலேயே திரும்பி வரும். கண்ணாடி மாட்டலாம், பாத்திரத் தட்டு மாட்டக்கூடாது.

எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். பழைய வீட்டுச் சுவர் சுண்ணாம்புக்கல், பிட் வெண்ணெயில் போவதுபோலப் போகும். மேலே வளை, சிலாகை எல்லாம் வைரமான பனை. அதில் ஸ்க்ரூ ஏற்றப்போனால் ஆணியின் தலை முறியும், முதலில் துளை போட்டே ஆகவேண்டும். ஒரே வீட்டில் சுவருக்கு ஒரு நியாயம், கூரைக்கு ஒரு நியாயம்.

இப்போது அந்த 48, 88 கதைக்கு வருவோம். லித்தியம் பற்றரிக்குள்ளே சின்னச் சின்னச் செல் இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட். மூன்று வைத்தால் 10.8, ஐந்து வைத்தால் 18. முழுக்க சார்ஜ் ஏறினவுடன் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதனால்தான் ஒரு கம்பனி 18 என்று எழுதுவதை இன்னொரு கம்பனி 20 மெக்ஸ் என்று எழுதுகிறது. இரண்டும் ஒன்றுதான், இதில் ஏமாற்று இல்லை. ஆனால் கைக்கு அடக்கமான பற்றரியில் 48 வி.எஃப்., 88 வி.எஃப். என்று எழுதியிருந்தால் அது வோல்ட்டே இல்லை, பெட்டியில் அச்சடித்த ஒரு நம்பர். பற்றரியின் அடிப்பக்கத்தைத் திருப்பிச் சின்ன எழுத்தை வாசியுங்கள். அங்கே பெரும்பாலும் உண்மை இருக்கும். எத்தனை ஆம்பியர்-அவர் என்றும் பாருங்கள். வோல்ட்டை அதால் பெருக்கினால் பற்றரிக்குள் இருக்கும் மொத்தச் சக்தி வரும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36. பக்கத்துக் கடையிலும் இதே பெருக்கலைச் செய்து ஒப்பிடுங்கள். வீட்டு வேலைக்கு 2 போதும், 4 என்றால் பாரம்தான் கூடும்.

அடுத்து, அதே பற்றரி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள். மெஷின் பத்து வருஷம் ஓடலாம், பற்றரி அவ்வளவு காலம் ஓடாது. சில மெஷினுக்குத் தனிப் பற்றரி, மெஷின் விலையில் பாதிக்கு வரும். கிடைக்காவிட்டால் இருபத்திரண்டு பேரும் குப்பைக்கு. "பிரஷ்லெஸ்" என்று எழுதிய மோட்டார் தேய்மானம் குறைந்தது, அதே பற்றரியில் கூட நேரம் ஓடும். கையில் காசிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண மோட்டாரும் வீட்டு வேலைக்குக் குறைவில்லை. நீளமான பிட் ஒன்றை மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு, நுனி வட்டம் போட்டு ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் அந்த மெஷினை வைத்துவிட்டு வாருங்கள்.

முன்பக்கம் நம்பர் போட்ட வளையம் எதற்கென்று ஒரு தங்கச்சி காலையில் கேட்டார். அது ஸ்க்ரூ இறுகினவுடன் கடகடவென்று சத்தம் போட்டுச் சுழற்சியை விட்டுவிடும் கிளச். சின்ன நம்பரில் தொடங்கி, போதாவிட்டால் ஏற்றுங்கள். துளைப்பதற்கு வளையத்தை ட்ரில் படத்துக்குத் திருப்ப வேண்டும். மேலே உள்ள 1, 2 கியர். ஸ்க்ரூவுக்கு 1, மரத்தில் துளைக்க 2.

வயர் உள்ள ட்ரில் மலிவுதானே, பற்றரிச் செலவும் இல்லையே என்று கேட்கலாம். நியாயம். வருஷத்தில் இரண்டு தடவை சுவரில் துளை போடுவதுதான் உங்கள் வேலை என்றால் வயர் உள்ளதையே வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் ஒரு விஷயம். ஈரத் தரை, பழைய வயரிங், நீட்டிப் போட்ட வயர், 230 வோல்ட்: இதெல்லாம் ஒன்றாகச் சேர்வது உங்கள் பக்கத்தில் அபூர்வமில்லை. ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் அதைப் பாவிக்க வேண்டாம். பற்றரி மெஷினுக்கு அங்கேதான் பெரிய நன்மை. மெயின் சுவிட்சையே நிறுத்திவிட்டு வேலை செய்யலாம். சுவருக்குள் வயர் எங்கே ஓடுகிறதென்று யாருக்கும் நிச்சயமில்லாத வீட்டில் இது உயிர்க்காப்பு. நிறுத்தினாலும் சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள். வயர் அறுந்தால் செலவு உங்களுக்குத்தான்.

அஸ்பெஸ்டஸ் தகட்டில் இந்த மெஷினை வைக்கவே வேண்டாம். பற்றரியோ வயரோ, வேகமாகச் சுற்றும் எதுவும் அதைத் தூளாக்கும். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போய்ப் பல வருஷம் கழித்து நோயாக வரும். செய்தே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றி நனைத்து, கையால் சுற்றும் பழைய துளைப்பானால் மெதுவாகச் செய்யுங்கள். முகமூடி போடுங்கள், பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள். மற்ற வேலைக்குக் கண்ணாடி போதும். கையுறை வேண்டாம், சுற்றும் பிட்டில் மாட்டிக் கையையும் இழுக்கும். சேலைத் தலைப்பு, விரித்த தலைமயிர், துவாய்த் துண்டு எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள்.

மெஷினில் மிச்சம் பிடித்த காசைப் பிட்டில் போடுங்கள் என்பது என் கட்சி. இலவசமாக வரும் பிட் மரத்துக்கு ஒப்பேறும், சீமெந்தில் நுனி மழுங்கிவிடும். 6 மில்லிமீற்றர், 8 மில்லிமீற்றரில் நல்ல கொங்கிறீட் பிட் இரண்டு போதும். துளைக்கும்போது அடிக்கடி வெளியே இழுத்துத் தூளை வெளியேற்றுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பிளாக் அண்ட் டெக்கர் கம்பனி 1961இல் முதல் பற்றரி ட்ரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்து வருஷத்தில், 1971இல், அப்பல்லோ 15இல் போனவர்கள் நிலாவில் துளை போடப் பற்றரி ட்ரில் ஒன்றைக் கொண்டுபோனார்கள். அதற்கும் மோட்டார் செய்தது அதே கம்பனிதான். மோட்டார் நன்றாக ஓடியது. ஆனால் துளைக்கும் குழாய்களின் பொருத்தில் தூள் மேலே வர வழி அடைபட்டு, நினைத்த ஆழத்துக்குப் போகவில்லை. உள்ளே இறங்கிய குழாயை வெளியே இழுக்க இரண்டு பேர் தோள் கொடுத்து மல்லுக்கட்டினார்கள். அடுத்த பயணத்துக்கு மோட்டாரை விட்டுவிட்டுக் குழாயைத்தான் திருத்தினார்கள்.

பற்றரியைப் பற்றி இன்னும் கொஞ்சம். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும். விறைத்துப்போன பற்றரியை அப்படியே சார்ஜில் போட்டால் செல் கெடும். வீட்டுக்குள் வைத்து, குளிர் போனபின் போடுங்கள். எங்கள் பக்கத்தில் மறுதலை, தகரக் கொட்டிலின் வெக்கையில் வைத்தால் கெடும். மாதக்கணக்கில் பாவிக்காமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். உப்பிய பற்றரியைச் சார்ஜ் பண்ணாதீர்கள், அடுப்படியில் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் சங்கத்துக்கும் சேர்த்து. லயம் கம்பனியுடையது. சுவரில் பெரிய துளை போடும் முன்பு தோட்டத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிறகு பிரச்சினை வந்தால் பேச ஆள் இருக்கும். தட்டு, அலுமாரி, தடுப்பு எல்லாவற்றையும் ஆணி அடிக்காமல் ஸ்க்ரூவில் செய்யுங்கள். சொந்தக் காணியில் சொந்த வீடு கிடைக்கும் நாளில் கழற்றிக்கொண்டு போகலாம். ஆணியில் அடித்ததைப் பெயர்த்தால் விறகுதான் மிஞ்சும்.

ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு மெஷின் வேண்டியதில்லை. லயத்துக்கு ஒன்று என்று பதினொரு குடும்பம் சேர்ந்தால், அந்த 22 பேர் ஆளுக்கு இரண்டு பேர் ஆகிவிடும். ஒரு கொப்பி போட்டு, யார் எடுத்தார், எந்தத் திகதி, பற்றரி சார்ஜோடு திரும்பி வந்ததா என்று எழுதுங்கள். பிட் முறித்தவர் பிட் வாங்கித் தரவேண்டும், மெஷின் பழுதானால் எல்லோரும் பங்கு. இதை வாங்கும் முன்பே பேசி எழுதிவிடுங்கள், வாங்கிய பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

மேசையில் 12 வோல்ட் ஒன்றும் 18 வோல்ட் ஒன்றும் இருக்கின்றன. சீமெந்துக் கல்லும், பனஞ் சிலாகையும், கண்டி வீதிக் குவாரியில் எடுத்த கருங்கல் துண்டு ஒன்றும் வெளியே வைத்திருக்கிறேன். காலையில் கிளச்சைப் பற்றிக் கேட்ட தங்கச்சி முதலில் வாருங்கள்.